யாழ்ப்பாண அரசின் பட்டப் பெயர்களும் ஆரியச்சக்கரவர்த்தி மரபும்

யாழ்ப்பாணத்தில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1619 வரை, இடையில் ஒரு முறிவு தவிர, ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற மரபினர் ஆட்சி செய்தனர். இம்மரபைச் சேர்ந்த அரசன் ஒருவனுக்குப் பல பெயர்கள் இருந்தன. பிறப்பில் இட்ட பெயர் ஒன்று. முடிசூடும்போது ஏற்ற செகராசசேகரன் அல்லது பரராசசேகரன் என்ற பட்டம் இன்னொன்று. சிங்கையாரியன் என்று தலைநகரோடு சேர்ந்து வழங்கிய பெயரும், சேதுகாவலன் என்று புண்ணியத் துறையோடு சேர்ந்து வழங்கிய பெயரும் அவனுக்கே உரியவை. அயலவர் அவனைப் பெரும்பாலும் ஆரியச்சக்கரவர்த்தி என்றே எழுதினர். யாழ்ப்பாண வரலாற்றில் தீராமல் நீடிக்கும் பிணக்குகளில் பல இந்தப் பெயர்களைப் பிரித்தறிவதில் ஏற்பட்டவை. ஒரு பட்டத்தைத் தாங்கியவர் பலர். ஒருவரே தாங்கிய பெயர்களும் பல. இதை மறந்து எழுதப்பட்ட அரசர் பட்டியல்கள் பின்னர் வந்தோரை நெடுங்காலம் அலைக்கழித்தன.

ஆரியச்சக்கரவர்த்தி என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் தோன்றியதன்று. பாண்டிய நாட்டில், மாறவர்மன் குலசேகரனின் ஆட்சிக் காலத்தில், அப்பெயர் தாங்கிய தலைவர்கள் இருந்தனர். இன்றைய இராமநாதபுரக் கரையோரத்துச் செவ்விருக்கை நாட்டைச் சேர்ந்தவர்களாக அவர்களைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அந்தக் குலசேகரனின் காலத்தில்தான் பாண்டியப் படை ஒன்று இலங்கைக்கு வந்தது. முதலாம் புவனேகபாகு இருந்து ஆண்ட யாப்பகூவாவை அது தாக்கிப் புத்தரின் தந்தத் தாதுவைக் கவர்ந்து பாண்டியனிடம் சேர்த்தது. அப்படையை நடத்தி வந்தவன் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தமிழ்த் தலைவன் என்று சூளவம்சம் சொல்கிறது. அவன் ஆரியன் அல்லன் என்றும், பெரும் செல்வாக்குள்ளவன் என்றும் அந்நூல் சேர்த்து எழுதுகிறது. பகைவரைப் பற்றிப் பேசும் இடத்திலும் இவ்வளவு நுட்பமாகக் குறிப்பெழுதிய பிக்குவின் கவனம் போற்றத்தக்கது. தந்தத் தாதுவைப் பின்னர் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரிற் சென்று பேசி மீட்டு வந்தான்.

குலசேகரனுக்குப் பின் பாண்டிய நாட்டில் வாரிசுப் போர் மூண்டது. 1311இல் மாலிக் கபூரின் படை மதுரைக்குள் புகுந்தது. மேலிருந்த அரசு நொறுங்கியபோது வடஇலங்கையில் அதன் சார்பாக இருந்தவர்கள் தாமே முடியரசரானார்கள். படைத்தலைவர்களின் பட்டம் ஒன்று ஓர் அரச மரபின் பெயரான கதை இதுதான். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா புத்தளப் பகுதியில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவனிடம் கண்ட முத்துக்களையும், அவனுடைய கப்பல்களையும், பாரசீக மொழியை அவன் விளங்கிக்கொண்டதையும் தம் பயண நூலில் எழுதினார். சிவனொளிபாத மலைக்குச் செல்லத் துணையாட்களைக் கொடுத்து அனுப்பியவனும் அவனே. குடாநாட்டு அரசன் ஒருவனின் கை மேற்குக் கரையில் அவ்வளவு தூரம் நீண்டிருந்தது.

மரபின் தோற்றம் குறித்து உள்ளூர் நூல்கள் வேறு கதை சொல்கின்றன. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், மேக்கறூன் என்ற அதிகாரியின் விருப்பப்படி, யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். அரசனில்லாத யாழ்ப்பாணத்துக்குப் பொன்பற்றியூர்ப் பாண்டிமழவன் மதுரை சென்று ஓர் அரசகுமாரனை அழைத்து வந்ததாக அந்நூல் கூறும். அவனிலிருந்து குலசேகரன், குலோத்துங்கன், விக்கிரமன், வரோதயன், மார்த்தாண்டன், குணபூஷணன் எனச் சிங்கையாரியர் வரிசை தொடரும். செகராசசேகரமாலை என்ற சோதிட நூலின் பாயிரமோ இம்மரபை இராமேசுவரத்து அந்தணரோடும் இராமனோடும் சேர்த்துவைக்கிறது. போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோசும் இராமேசுவரத் தொடர்பைக் குறிப்பிடுகிறார். அரச மரபுகள் தம் தொடக்கத்தைப் புராணத்தில் ஊன்றிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். ஆயினும் செவ்விருக்கைக் கல்வெட்டு, செகராசசேகரமாலை, குவேறோசின் குறிப்பு மூன்றும் ஒரே கரையோரத்தைக் காட்டுவது தற்செயலாக இருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இதில் ஒருமித்தவர்கள் அல்லர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலும், 1933இல் வந்த யாழ்ப்பாணச் சரித்திரத்திலும் அரசின் தொடக்கத்தை மிகப் பழைய காலத்துக்குக் கொண்டுபோனார். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதிய சுவாமி ஞானப்பிரகாசர் கலிங்கத் தொடர்பை வற்புறுத்தினார். பேராசிரியர் பரணவிதான சாவகன் சந்திரபானுவின் வழியை இம்மரபோடு இணைத்துப் பார்த்தார். கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் பாண்டியரின் படைத்தலைவர் குடும்பம் என்ற முடிவுக்கு வந்தனர். கல்வெட்டுச் சான்று நேரடியாக நிற்பது இந்தக் கடைசிக் கருத்தின் பக்கம். கலிங்க மாகன் 1215இல் பொலனறுவையைக் கைப்பற்றியதும், சந்திரபானு வடக்கில் நிலைகொண்டதும் உண்மை நிகழ்ச்சிகள். அவை அரசுக்கு நிலம் உழுது கொடுத்தன எனலாம். அவர்களோடு ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு இரத்த உறவு இருந்ததெனச் சாதிக்கப் போதிய ஆதாரம் கிடையாது.

செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டும் சிம்மாசனப் பெயர்கள். ஓர் அரசன் செகராசசேகரன் என முடிசூடினால் அடுத்தவன் பரராசசேகரன். அவனை அடுத்தவன் மீண்டும் செகராசசேகரன். இந்த மாறிவரும் முறை தமிழகத்துக்குப் பழக்கமானது. சோழர் இராசகேசரி, பரகேசரி என மாறி மாறிச் சூடினர். பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களைக் கொண்டனர். அநுராதபுர அரசரும் சிறிசங்கபோதி, அபயசலாமேவன் என்ற இரண்டையும் மாறி மாறி ஏற்றனர். யாழ்ப்பாண அரசு தன் முறையைப் பாண்டிய, சோழ வழக்கிலிருந்து பெற்றது என்று கொள்வதே பொருத்தம். இம்முறையின் உள்ளே ஓர் அரசியற் கருத்து உண்டு: அரியணை தொடர்கிறது, அமர்பவர் மாறுகின்றனர். ஆட்சியுரிமை தனியொருவனின் உடைமையாகாமல் இருக்கையின் உடைமையாக நின்றது.

15ஆம் நூற்றாண்டுக்குப் பின் இந்தச் சங்கிலியைத் தெளிவாகப் பின்தொடரலாம். கனகசூரிய சிங்கையாரியன் செகராசசேகரன். அவன் மகன் பரராசசேகரன் 1478 அளவில் பட்டமேறி ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆண்டான். அவனுக்குப் பின் 1519இல் வந்த முதலாம் சங்கிலி செகராசசேகரன். அடுத்துப் புவிராச பண்டாரம் பரராசசேகரன், பெரியபிள்ளை செகராசசேகரன், எதிர்மன்னசிங்கம் பரராசசேகரன். வாரிசுரிமை நேர்வழியில் செல்லாத காலங்களிலும் பட்டங்கள் தம் முறை தவறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 14ஆம் நூற்றாண்டு அரசருக்கோ இவ்வளவு உறுதி இல்லை. இன்று நூல்களில் காணும் அவர்களின் ஆட்சியாண்டுகள் இராசநாயகமும் ஞானப்பிரகாசரும் கணித்துப் பொருத்தியவை. அவற்றைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

பட்டப்பெயர் அரசனைத் தாண்டி நூல்களிலும் நிலைத்தது. செகராசசேகரம் ஒரு வைத்திய நூல், செகராசசேகரமாலை சோதிடம், பரராசசேகரம் மிகப் பெரிய வைத்தியத் தொகுப்பு. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தைத் தேடிச் சேர்த்து அச்சிட்டிராவிட்டால் அது ஏட்டோடு அழிந்திருக்கும். குடாநாட்டுப் பரம்பரை வைத்தியர்கள் வாயில் இப்பெயர் இன்றும் அரசனைக் குறிப்பதில்லை, நூலைத்தான் குறிக்கிறது. காளிதாசரின் இரகுவமிசத்தைத் தமிழில் பாடிய அரசகேசரி அரச குடும்பத்தவர். ஆனால் இந்நூல்களின் காலத்தைச் சொல்ல வரும்போது பட்டமுறையே தடையாகிறது. செகராசசேகரன் காலத்தில் எழுந்த நூல் என்றால் எந்தச் செகராசசேகரன்? நூலின் உட்சான்று துணை செய்யாத இடங்களில் ஒரு நூற்றாண்டு முன்னே பின்னே போவது எளிது.

சிங்கை என்பதும் சேது என்பதும் இடத்தைச் சேர்ந்த பெயர்கள். சிங்கைநகர் எது என்பதில் இரு கட்சிகள் உண்டு. இராசநாயகம் வடமராட்சியிலுள்ள வல்லிபுரத்தைக் காட்டினார். நல்லூரின் மறுபெயரே அது என்பது மற்றவர் கருத்து. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமக் கல்வெட்டு இப்பெயருக்கு உள்ள மிகச் சிறந்த சான்று. சிங்களப் பகுதியின் நடுவே, அழகிய தமிழ் வெண்பாவாகப் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடுகிறது. அதன் தலைப்பில் சேது என்ற சொல் மங்கலக் குறியாக நிற்கிறது. அதே சொல், படுத்திருக்கும் நந்தியோடும் பிறையோடும், யாழ்ப்பாண அரசின் செப்புக் காசுகளிலும் காணப்படும். சேதுக் காசு என்று நாணயவியலார் அழைப்பது அதைத்தான். நந்தி அரசின் கொடியிலும் இடம்பெற்றது. முத்துக்குளிக்கும் கடலையும் இராமேசுவர யாத்திரையின் வழியையும் கையில் வைத்திருந்த அரசு, அந்த உரிமையையே தன் பெயராகவும் முத்திரையாகவும் கொண்டது. பின்னாளில் அதே நீரிணையின் மறுகரையில் இராமநாதபுரத்து மறவர் மன்னர்கள் சேதுபதி என்ற பட்டத்தோடு எழுந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கன் சேதுபதியின் கை ஓங்கிய அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் கை தளர்ந்தது.

மரபின் முறிவு 1450 அளவில் நேர்ந்தது. கோட்டை அரசை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் செண்பகப்பெருமாள் படையெடுத்து வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். கனகசூரியன் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பினான். செண்பகப்பெருமாள் பதினேழு ஆண்டு அளவில் இங்கிருந்துவிட்டு, கோட்டைச் சிம்மாசனத்துக்குப் போட்டியிடச் சென்று, ஆறாம் புவனேகபாகு என முடிசூடினான். 1467இல் கனகசூரியன் மீண்டான். இந்த இடைக்காலத்தின் சுவடு நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் இன்னும் ஒலிக்கிறது. திருவிழாவில் சொல்லப்படும் கட்டியத்தில் கோவிலை அமைத்தவனாக ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு வாழ்த்தப்படுகிறான். வைபவமாலை புவனேகபாகுவை முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரி என்கிறது. ஸ்ரீ சங்கபோதி என்பது சிங்கள அரசர் சூடிய சிம்மாசனப் பட்டமாதலால், கட்டியம் குறிப்பது செண்பகப்பெருமாளையே என்ற ஆய்வாளர் கருத்து வலுவானது. குடாநாட்டின் முதன்மையான சைவக் கோவிலில், ஆரியச்சக்கரவர்த்திகளை வென்றவனின் பட்டம் ஆண்டுதோறும் பக்தியோடு சொல்லப்பட்டு வருகிறது. வரலாற்றின் இந்தச் சிக்கலை மறைக்கவோ திருத்தவோ முற்படாமல் காத்துவந்த கோவில் மரபுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போர்த்துக்கேயர் வருகையோடு வாரிசுரிமை அரண்மனைக்கு வெளியே தீர்மானிக்கப்படும் காரியமாயிற்று. முதலாம் சங்கிலி பட்டத்து அரசியின் மகனல்லன் என்றும், மூத்தோரை விலக்கி முடியைப் பற்றினான் என்றும் வைபவமாலை குற்றம் சாட்டுகிறது. 1544இல் மன்னாரில் மதம் மாறியோரை அவன் கொல்வித்தான். 1560இல் பிரதிராசா கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா நல்லூர்மீது படையெடுத்தான். நகரைப் பிடித்தும் நிலைநிற்க முடியாமல் மன்னாரைக் கைப்பற்றியதோடு திரும்பினான். 1591இல் அந்திரே பூர்த்தாடோவின் படை அப்போது ஆண்ட அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் அமர்த்தியது. அதன்பின் பரராசசேகரன் என்ற பட்டம் போர்த்துக்கேய மன்னனின் அனுமதியில் தங்கிய பட்டமாயிற்று. எதிர்மன்னசிங்கம் இறந்தபோது மகன் சிறுவன். சங்கிலி குமாரன் எதிரிகளை ஒழித்து 1617இல் ஆட்சியைப் பிடித்தான். தஞ்சை நாயக்கரின் உதவியை நாடியும் அவனால் நிலைக்க முடியவில்லை. 1619இல் பிலிப் த ஒலிவேறா அவனைச் சிறைப்பிடித்தான்.

ஆரியச்சக்கரவர்த்திகளின் இறுதியில் படைத்தோல்வியைவிட அதற்குப் பின் நடந்ததே முக்கியமானது. சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, மரண தண்டனைக்கு உள்ளானான். எதிர்மன்னசிங்கத்தின் மகன் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டுக் கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டான். அரச குடும்பத்துப் பெண்களும் மதம் மாற்றப்பட்டுக் கன்னியர் மடங்களில் சேர்க்கப்பட்டனர். துறவறம் வாரிசில்லாமற் செய்யும் உறுதியான வழி. போர்த்துக்கேயர் ஒரு நாட்டைப் பிடித்ததோடு நில்லாமல், அந்நாட்டுக்கு உரிமை கோரக்கூடிய ஒவ்வொரு உயிரையும் தேடி எடுத்து மரபை வேரோடு அறுத்தனர். வைபவமாலை இரண்டு சங்கிலிகளையும் ஒருவனாகச் சேர்த்து எழுதியதும் இதனால் விளங்கும். கதையைத் திருத்திச் சொல்ல அரண்மனையில் ஒருவரும் எஞ்சவில்லை. சங்கிலிகள் இருவர் என்பது போர்த்துக்கேய ஆவணங்களைப் படித்த பின்னரே தெளிவாயிற்று.

இந்தியச் சமஸ்தானங்களோடு ஒப்பிட்டால் இந்த முடிவின் தனித்தன்மை தெரியும். 1947இல் அங்கே ஏறக்குறைய 565 சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றுள் பெரியவற்றின் அரசர்கள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, இத்தனை குண்டு மரியாதை என்ற வரிசையில் வைக்கப்பட்டவர்கள். ஐதராபாத்துக்கும் மைசூருக்கும் 21 குண்டு, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17, புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 11. அங்கே பட்டமும் வாரிசும் பேரரசின் ஏட்டில் பதியப்பட்டன. இந்தியா விடுதலை பெற்றபின் அவர்கள் நாட்டைக் கையளித்து மானியம் பெற்றனர். 1971இல் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மானியத்தையும் அரச அங்கீகாரத்தையும் நீக்கியது. சேதுபதிகள்கூட 1803இல் ஜமீன்தார்களாகத் தாழ்த்தப்பட்டாலும் குடும்பமாக எஞ்சினர். இலங்கையிலேயே, 1815இல் பிடிபட்ட கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தாலும், அவன் வழியினர் நெடுங்காலம் உதவித்தொகை பெற்றனர். யாழ்ப்பாணத்துக்கு உடன்படிக்கையும் இல்லை, மானியமும் இல்லை, பதியப்பட்ட வாரிசும் இல்லை. ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துக்கு வந்த 1795இல் அரசு மறைந்து ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

அரசு போன பின்னும் பரம்பரைப் பட்டங்கள் வடக்கில் அற்றுப்போகவில்லை, கீழ்ப்படிகளில் தொடர்ந்தன. வன்னிமைகளின் தலைவர்கள் ஒல்லாந்தர் காலத்திலும் பெரும்பகுதி தம் போக்கில் இருந்தனர். 1803இல் பண்டார வன்னியன் ஆங்கிலேயரோடு மோதித் தோற்றதோடு அந்தச் சுதந்திரமும் ஒடுங்கியது. ஊர்களில் முதலியார், மணியகாரர், உடையார், விதானையார் என்ற ஏணி நின்றது. சட்டப்படி அவை நியமனப் பதவிகள்; நடைமுறையில் சில குடும்பங்களின் சொத்து. 1963இல் கிராம சேவகர் முறை வந்து விதானைப் பதவி ஒழிந்தது. ஆனாலும் ஊர்களில் கிராம அலுவலரை விதானையார் என்றே கூப்பிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்லூரிலோ இன்னும் நேரான ஒரு தொடர்ச்சி உண்டு. போர்த்துக்கேயர் இடித்த கோவிலை 1734இல் மீள அமைத்தவர் இரகுநாத மாப்பாண முதலியார்; மாப்பாண முதலியார் என்ற பெயரை அவர் வழிவந்த நிர்வாக அதிகாரிகள் பட்டப்பெயராகத் தாங்கி வருகின்றனர். செகராசசேகரன், பரராசசேகரன் பட்டங்களில் இருந்த அதே கருத்து, அரண்மனை அழிந்த ஊரில், கோவில் வாசலில் உயிரோடு இருக்கிறது.

புலம்பெயர்ந்த நாடுகளில் யாழ்ப்பாண அரச வம்சத்தின் வாரிசு எனக் கோருவோர் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ளனர். குடும்ப நினைவு மதிக்கத்தக்கது. குடாநாட்டில் அரச குடும்பத்தோடு உறவு சொல்லும் வீடுகள் பல. ஆனால் பட்டத்துக்கான உரிமை வேறு. கோவாவின் மடங்களில் முடிந்த வரிசையை இன்றைய குடும்பம் ஒன்றோடு தலைமுறை தலைமுறையாக இணைக்கும் சமகால ஆவணம் வெளிப்படும்வரை, அத்தகைய கோரிக்கையை வரலாறாக ஏற்க இடமில்லை.

நல்லூரில் யமுனா ஏரியும், சங்கிலியன் தோப்பும், மந்திரிமனை என்று அழைக்கப்படும் பிற்காலக் கட்டடமும், முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலையும் உள்ளன. அரண்மனை இருந்ததாகக் கருதப்படும் நிலப்பரப்பு நாளுக்கு நாள் வீடுகளாலும் கடைகளாலும் நிரம்பி வருகிறது. மண்ணுக்குள் இருக்கும் காசும் கல்லெழுத்தும் மட்டுமே இனிப் புதிய சான்று தரக்கூடியவை. அத்திவாரம் தோண்டும்போது வெளிப்படும் எழுத்துள்ள கல்லையோ செப்புக் காசையோ கண்டெடுப்பவர்கள், அதை மூடிவிடாமலும் விற்றுவிடாமலும், தொல்லியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.